ஹாஸ்டல் கேட் வரை

ரைஸ்மில் ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றதும் சேவுகப்பெருமாள் முதல் பெட்டியிலிருந்து இடது காலை முதலில் வைத்து இறங்கினான். வலது முட்டி பட்டாளத்திலேயே பாதி போய்விட்டது, மீதிப் பாதியை இந்த வேலை தின்றுகொண்டிருக்கிறது. ஓடவா நடக்கவா என்று காலையிலிருந்து மண்டையைக் குடைகிற கேள்விக்கு அந்த முட்டியாவது ஒரு பதில் சொல்லக்கூடாதா என்று தடவிப் பார்த்தான், அது வழக்கம்போல ஒரு குத்துக் குத்திவிட்டுச் சும்மா இருந்தது. ஓடவும் இல்லாமல் நடக்கவும் இல்லாமல் ஒரு மாதிரியாகப் போனான். சக்கரத்தைச் சுற்றினால் ரெண்டு பக்கத்துக் கம்பமும் இறங்கும், பூட்ட வேண்டும், பச்சைக் கொடி காட்ட வேண்டும், ஊர்ந்து வருகிற வண்டியில் தொற்றி ஏற வேண்டும். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடியும் நிற்கும், கடைசிப் பெட்டியிலிருந்து திருமேனி இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவான், அப்புறம் அடுத்த கேட். கேட்டுக்குக் கேட் ஆள் போட ரயில்வேக்கு ஆள் இல்லை, அதனால் ஆளையே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. சைக்கிள்காரன் இந்த வண்டியை முந்திப் போய் அடுத்த ஊரில் டீ குடித்துவிட்டுக் கையாட்டுவான். அப்படிப்பட்ட வண்டியில்தான் இன்றைக்கு ஓர் அதிகாரி கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் டவுனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் இதே பெட்டிகளை வைத்து ராத்திரி எட்டு மணிக்கு டவுனிலிருந்து இன்னொரு நடை விடலாம், சேராவிட்டால் விட முடியாது, அவ்வளவுதான் பரீட்சை. பரீட்சை எழுதுவது வண்டி இல்லை, டிரைவர் இல்லை, என் ரெண்டு காலும் திருமேனியின் ரெண்டு காலும்தான் என்று சேவுகன் நினைத்தான்.

திருமேனி காலையில் டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான், அப்போதே ஏதோ வருகிறது என்று தெரிந்துவிட்டது. "அண்ணே, இன்னிக்கு அவசரப்படாதிய. நாம தலதெறிக்க ஓடி நேரத்துக்குக் கொண்டுபோயி விட்டோம்னு வைங்க, அந்த ஆளு என்ன எழுதுவாரு? ரெண்டு பேரே போதும், வண்டி நல்லாத்தான் ஓடுதுன்னு எழுதுவாரு. அப்பறம் எந்தக் காலத்துல கேட்டுக்கு ஆளு போடுவாய்ங்க? மெதுவாப் போனாத்தான் இது சரிப்படாதுன்னு தெரியும், கேட்டுக்கு ஒரு ஆளு, ஒரு ரூமு, ஒரு லைட்டு வரும். எம் மச்சான் ரெண்டு பேரு பட்டாளத்துலேருந்து வந்து வேல இல்லாமக் கெடக்காய்ங்க. நமக்கும் வேல நெரந்தரமாவும்." அவன் சொல்வதில் ஒரு வார்த்தை பிசகு இல்லை, அதுதான் கஷ்டம். தப்பாகப் பேசுகிறவனிடம் சண்டை போட்டுவிடலாம், நியாயத்தைப் பேசுகிறவனிடம் என்ன செய்வது. சேவுகன் "பாக்கலாம்" என்றான். பாக்கலாம் என்றால் சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை, பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்கிற பதில் அது. ஆனால் திருமேனி அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டு டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, காசையும் அவனே கொடுத்துவிட்டான். இப்போது அந்த டீ சேவுகனின் நெஞ்சில் நின்றது. ஒரு டீக்கு வாக்கை வாங்கிவிட்டானே பாவி. வாக்கா கொடுத்தேன், பாக்கலாம் என்றுதானே சொன்னேன். பாக்கலாம்தான். பாக்கத்தானே போகிறேன். ஆனால் கேட்டுக்கு ஒரு ஆள் வந்தாலும் எட்டு மணி வண்டி உடனே வந்துவிடுமா என்ன, அதற்கு ஒரு மனு, அதற்கு ஒரு கமிட்டி, அப்புறம் ஒரு தேர்தல், அதற்குள் முட்டி முழுசாகப் போய்விடும், பெண்டாட்டி வள்ளிக்கண்ணுவுக்குத் தலை நரைத்துவிடும்.

வண்டி ஊரணிக்கரை நிறுத்தத்தில் நின்றது. நிறுத்தம் என்றால் ஒரு மேடை, ஒரு வேப்பமரம், ஒரு பலகை. இந்த ஊர்க்காரர்கள்தான் எட்டு மணி வண்டி வேண்டுமென்று பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள், அமைச்சர் காரை மறித்தவர்கள். இப்போது கார்டு விசில் ஊதுகிறார், ஜன்னலிலிருந்து நாலைந்து கை வெளியே வருகிறது: "இருங்கண்ணே, இருங்க, சின்னையா சம்சாரம் வருது, அந்தா வரப்புல வருது பாருங்க!" சின்னையா சம்சாரம் வரப்பில் வருகிறாள்தான், தலையில் கூடையோடு, கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து. அதிகாரி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். ஊரே கூடி இழுத்த தேரை ஊரே பிடித்து நிறுத்துகிறதே என்று சேவுகனுக்கு எரிச்சலாக வந்தது, உடனே உனக்கென்ன எரிச்சல் என்று தன்னையே கேட்டுக்கொண்டான், நீ மட்டும் என்ன யோக்கியம், ரைஸ்மில் கேட்டில் எப்படிப் போனாய். அதிகாரி காலையில் டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தது காதில் விழுந்திருந்தது: வண்டி ஆமை மாதிரிப் போவதால் கூட்டமில்லை, கூட்டமில்லாததால் கேட்டுக்கு ஆள் கேட்க முடியவில்லை, ஆளில்லாததால் வண்டி ஆமை மாதிரிப் போகிறது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், கெட்ட மனுஷன் இல்லை. புதுப் பெட்டி கிடையாது, ஓட்டுவதற்கு டிரைவர் கிடையாது, ஒற்றைப் பாதை, எதிரே சரக்கு வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது என்று அடுக்கிக்கொண்டே போனார். இவ்வளவு கிடையாதுக்கு நடுவில் ஒரே ஒரு உண்டுதான் மிச்சம், வண்டி நேரத்துக்குப் போனால் உண்டு. சின்னையா சம்சாரம் கூடையை உள்ளே தள்ளி, பிறகு தன்னைத் தள்ளி ஏறினாள். வண்டி நகர்ந்தது.

வள்ளிக்கண்ணு இந்நேரம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள். டவுனுக்கு வெளியே, கடைசி கேட்டுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டல், அதில் அவள் சமையல். மூன்று வருஷமாக அங்கேயே படுக்கை. ராச்சாப்பாட்டைப் போட்டு முடித்து அவள் வெளியே வருவதற்குள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும், பஸ்ஸும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்துவிட்டுப் போவாள். கல்யாணமான மறு மாசமே அவன் பட்டாளத்துக்குத் திரும்பினான், இருபத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு ஒரு லீவு. மகளைப் பெற்றது, வளர்த்தது, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அவள்தான். அவன் ஒருவழியாகப் பெட்டியோடு வந்து இறங்கியதும் ஊரில் எல்லோரும் இனிமேல் என்ன, ராஜாவும் ராணியும்தான் என்றார்கள். ராஜா நாலு மணிக்கு எழுந்து போர்வையை மடித்து மூலைக்கு மூலை சேர்கிறதா என்று பார்த்தான். அடுப்படியில் டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, உயர வரிசைப்படி நிற்க வைத்தான், உப்பு எங்கே புளி எங்கே என்று தெரியாமல் அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். திட்டியிருக்கலாம். கரண்டியால் நடு மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். கொஞ்ச நாளில் ஹாஸ்டலில் ஆள் கேட்கிறார்கள் என்றாள், போய்விட்டாள். ஏன் போனாய் என்று ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "எட்டு மணிக்கு ஒரு வண்டி விட்டா நான் ஏன் அங்க கெடக்கேன், ஓடி வந்துர மாட்டேன்?" இந்த வேலைக்கு அவன் மனு போட்டதே அந்தப் பாதை என்பதால்தான். தினமும் ஹாஸ்டல் கேட்டில் வண்டி நிற்கும், அவன் கம்பத்தை இறக்குவான், அவள் பின்கதவு வழியாகச் சோற்றுத் தூக்குவாளியோடு வருவாள். முட்டி எப்படி இருக்கு, பரவால்ல, கேஸ் சிலிண்டர் பதிஞ்சாச்சா, பதிஞ்சாச்சு, கோயம்புத்தூருக்குப் பேசுனியா, பேசுனேன். அதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார். புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்ததெல்லாம் அந்த ரெண்டு நிமிஷம்தான்.

ரயில்வேயில் ஆள் இல்லாததால் கிடைத்த ரெண்டு நிமிஷம் அது. அதை நினைத்தால் சிரிப்புக்கூட வரும். ஆனால் போன வாரம் இப்படிப் பரீட்சை வண்டி வருகிறது, அதிகாரி வருகிறார், சரியாகப் போனால் எட்டு மணி வண்டி வந்துவிடும் என்று அவளிடம் சொன்னபோது அவள் "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். நான் நீட்டிய காலி வாளியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள். அந்த அப்படியாவை ஒரு வாரமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறான். சந்தோஷமான அப்படியாவா அது, மாட்டிக்கொண்ட அப்படியாவா. வராத வண்டியைச் சாக்குச் சொல்வது சுலபம், வந்துவிட்டால்? ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஹாஸ்டலுக்குப் போயிருந்தான். பின்கட்டில் நாலு பெண்களோடு கீரை ஆய்ந்துகொண்டு வள்ளிக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள், வாயை மூடாமல், தோளெல்லாம் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை அவன் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. இவனைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரிசெய்து நின்றாள், கர்னல் வந்தால் சிப்பாய் நிற்பானே, அப்படி. அன்றைக்கு நெஞ்சில் தைத்தது இன்னும் எடுபடவில்லை. எட்டு மணி வண்டி டவுன் ஆட்கள் ரெண்டு பேரோடு ஓட ஆரம்பித்து, முதல் நாள் நான் ஸ்டேஷனில் போய் நின்று, வண்டி வந்து, எல்லோரும் இறங்கி, அவள் மட்டும் இறங்காவிட்டால்? இப்போது ரயில்வேயைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம், அப்போது யாரைத் திட்டுவது. வண்டி இல்லாத வரைக்கும் எனக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், வண்டி இல்லாததால் வர முடியாமல் இருக்கிறாள். அது போதாதா. சுடுகாட்டு கேட் வந்தது. அங்கே எப்போதும் ஈ காக்கா இருக்காது, இருப்பவர்களுக்கும் அவசரம் கிடையாது. சேவுகன் இறங்கி நடந்தான். வேண்டுமென்றே நடந்தான். திருமேனிக்குக் கொடுத்த வார்த்தை, திருமேனியின் மச்சான்கள், அவர்கள் பிள்ளைகள், எவ்வளவு நியாயமான காரணம், ஊருக்காக நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு அடியாக நடந்தான். தூரத்தில் கடைசிப் பெட்டிப் படியில் நின்று திருமேனி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதைப் பார்த்ததும் சேவுகனுக்குத் தன் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அடப் பயந்தாங்கொள்ளி, எல்லையில் குண்டுக்கு நடுவில் குந்தியிருந்தவன் ஒரு பொம்பளை வருவாளா மாட்டாளா என்று பயந்துகொண்டு அடுத்தவன் மச்சானுக்குப் பின்னால் ஒளிகிறாயே. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

பெட்டிக்குள் ஏறியதும் அதிகாரி கேட்டார், "கால்ல ஏதும் பிரச்சினையா?" "இல்ல சார்." "முடியலைன்னா சொல்லுங்க, பரவாயில்லை." அவர் குரலில் குத்தல் இல்லை, பரவாயில்லை என்றுதான் சொன்னார், ஆனால் அந்தப் பரவாயில்லைக்குள் எட்டு மணி வண்டி மெதுவாக முங்கிக்கொண்டிருந்தது. முடியலை என்று சொல்லிவிடலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், முட்டி போனவன் பாவம் என்பார்கள், வள்ளிக்கண்ணுவும் பாவம் என்பாள், தைலம் கொடுத்து அனுப்புவாள், தினமும் ரெண்டு நிமிஷம், இன்னும் பத்து வருஷம். வெளியே சோளக்கொல்லை போயிற்று, ஒரு மோட்டார் கொட்டகை போயிற்று, கொடியில் யாருடைய வேட்டியோ காய்ந்தது. அவன் வீட்டுக் கொடியிலும் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு, அதை எடுத்து மடிக்கும்போது வருகிற அலுப்பு. ராத்திரி ஒற்றை ஆளுக்குச் சோறு வடிப்பதைப்போலக் கேவலமான வேலை உலகத்தில் கிடையாது. வராவிட்டால் வராவிட்டால் என்கிறாயே, இப்போது மட்டும் என்ன வந்து கிடக்கிறதாம். தெரியாமலே செத்துப்போவதற்குத் தெரிந்துகொண்டு சாகலாம். பள்ளிக்கூடத்து கேட்டில் வண்டி முழுசாக நிற்பதற்கு முன்னாலேயே அவன் இறங்கிவிட்டான், வலது கால் முதலில் விழுந்தது, உயிர் போய் வந்தது, ஓடினான். சக்கரம் கிறீச்சென்று சுழன்றது. பூட்டு ஒரே சொடுக்கில் விழுந்தது. "ஏறுங்க அண்ணே, ஏறுங்க" என்று டிரைவரே உற்சாகமாகிவிட்டார். கேட்டைத் தாண்டி வண்டி நின்றபோது திருமேனி இறங்கினான், சாவியைத் தேடினான், கிடைத்தும் தேடினான், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். இவன் ஓடிச் சேர்த்த நேரத்தை அவன் நின்ற இடத்திலேயே செலவழித்துவிட்டு நிதானமாக வந்து ஏறினான். தலையைத் திருப்பவே இல்லை. சேவுகனுக்குக் கோபம் வரவில்லை. அவனும் ஒரு வீட்டுக்குச் சோறு போகிற வழியைத்தானே பார்க்கிறான்.

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது, பாக்கி ஹாஸ்டல் கேட் ஒன்றுதான், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். டவுன் ரோடு. கம்பம் இறங்க இறங்கவே மோட்டார்சைக்கிள்காரர்கள் தலையைக் குனிந்து நுழைவார்கள், அண்ணே ஒரே ஒரு நிமிஷம் என்பார்கள், ஆட்டோ, மாட்டு வண்டி, எதிர்ப்பக்கம் ஒரு லாரி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். தினமும் அங்கேதான் பாதி நேரம் செத்துப்போகும், அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. அவள் வாளியோடு நிற்பாளே, அவளிடம் என்ன சொல்வது, இன்றைக்கு நிற்க நேரமில்லை என்று எப்படிச் சொல்வது, அதையும் அவள் அப்படியா என்று கேட்டுக்கொள்வாளா. வண்டி வளைவில் திரும்பியது, அவன் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். பின்கதவில் யாரும் இல்லை. வாளி இல்லை, அவள் இல்லை. வரவில்லை. இன்றைக்குப் பார்த்து வரவில்லை. அதுதான் பதில், வேறென்ன பதில் வேண்டும் உனக்கு என்று நினைக்கும்போதே ரோட்டில் ஏதோ வித்தியாசமாக இருப்பது கண்ணில் பட்டது. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு ஆட்டோகூட இல்லை. ரோட்டின் நட்டநடுவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, லாரியின் மூக்குக்கு முன்னால் வள்ளிக்கண்ணு நின்றாள். எதிர்ப்பக்கம் சமையல்கட்டுப் பெண்கள் கைகோத்து வரிசையாக நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிள்களெல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. "ஏம்மா, கேட்டே சாத்தலை, நீ யாரும்மா மறிக்க?" என்று லாரிக்காரன் கத்தினான். "சாத்தத்தான் வாராரு, கண்ணு தெரியலை? ஒரு இஞ்சு நகந்தே, கண்ணாடி இருக்காது!" என்று அவள் கரண்டியை ஓங்கினாள். சேவுகன் ஓடினான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மூச்சு வாங்க, "சோறு?" என்று கேட்டான். அந்த நேரத்தில் போய் அதைத்தான் கேட்டான், மடையன். "இன்னிக்குச் சோறும் இல்ல, ஒண்ணும் இல்ல. டவுன்ல வாங்கித் தின்னுக்கங்க. இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தா எட்டு மணி வண்டி எப்பிடி வரும்? மூணு வருசமா அடுப்படியில பாய விரிச்சுப் படுக்கேன். எனக்கு என் வீட்டுல படுத்துத் தூங்கணும். போங்க!" பூட்டு விழுந்தது. கொடி காட்டினான். ஊர்ந்து வந்த வண்டியில் தொற்றி ஏறினான்.

வண்டி கேட்டைத் தாண்டி நின்றதும் திருமேனி இறங்கினான். சாவியை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டவன், பின்னாலேயே கரண்டியோடு ஒரு பொம்பளை வந்து நிற்பதைப் பார்த்தான். "என்னப்பா திருமேனி, கால்ல குண்டு கட்டியிருக்கா? தெறந்துட்டு ஏறு!" "இல்லக்கா, சாவி..." "கையில இருக்கு பாரு!" அவன் திறந்தான், ஓடினான், இத்தனை வருஷத்தில் திருமேனி அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பெட்டி ஜன்னல்களிலிருந்து ஊரணிக்கரைக்காரர்கள் கைதட்டினார்கள். வண்டி கிளம்பியது. இனிமேல் நாலு நாளைக்குத் திருமேனி பேசமாட்டான், அவன் மச்சான்கள் இன்னும் எவ்வளவு காலம் காத்துக்கிடப்பார்களோ என்று சேவுகன் நினைத்துக்கொண்டான். அதிகாரி கடிகாரத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டிச் சிரித்தார், இன்னும் நேரம் இருந்தது. "வந்துரும் போலிருக்கே" என்றார். வரும். எட்டு மணிக்குக் கிளம்பும், ஒன்பதரைக்கு மேல் அவள் வந்து இறங்குவாள், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அரை மைல், இருட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும். என் வீடு என்றாள். நம்ம வீடு என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவள் வீடுதானே அது. அவள் பக்கத்தில் நடந்து வருவாள், ஹாரன் அடிக்க யாரும் இருக்க மாட்டார்கள், அந்த அரை மைலும் அவளிடம் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். அவ்வளவு நேரம் அவளோடு சேர்ந்தாற்போல் எப்போது பேசினோம் என்று யோசித்தான். டவுன் பிளாட்பாரம் வந்து, எல்லோரும் இறங்கி, அதிகாரியும் தோளில் தட்டிவிட்டுப் போன பிறகும் சேவுகப்பெருமாள் படியிலேயே உட்கார்ந்திருந்தான். முதலில் என்ன பேசுவது என்பதே அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.